நியூரோசைக்கியாட்ரி நிபுணர் என்பவர் யார்? படிப்பு, பணி, தலைமைப் பொறுப்பு

இருபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்கிறார். காதில் குரல்கள் கேட்கின்றன. வீட்டார் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள், மாத்திரை தொடங்குகிறது. அடுத்த வாரம் வாயும் கைகளும் தாமாக அசைகின்றன, வலிப்பு வருகிறது, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் நிலையில்லாமல் ஏறி இறங்குகின்றன. இப்போது அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில். அங்கே எம்ஆர்ஐ எடுத்தால் அது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். முதுகுத் தண்டுநீரை எடுத்துச் சரியான ஆன்டிபாடி சோதனைக்கு அனுப்பினால்தான் விடை கிடைக்கும்.

ஆன்டி-என்எம்டிஏ ஏற்பி மூளையழற்சி என்ற இந்த நோயை 2007-இல் நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவின் குழு விவரித்தது. மூளை செல்களின் என்எம்டிஏ ஏற்பிகளை உடலின் சொந்த எதிர்ப்பாற்றலே தாக்குவதால் வருவது இது. சில பெண்களுக்குச் சூலகத்தில் இருக்கும் ஒரு கட்டி இதைத் தூண்டிவிடுகிறது. கட்டியை அகற்றி, எதிர்ப்பாற்றலை அடக்கும் சிகிச்சையை விரைவில் தொடங்கினால் பெரும்பாலானோர் மீண்டு வருகிறார்கள், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம். மனச்சிதைவு என்று மட்டும் எண்ணி மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் நாள்கள் வீணாகும். இத்தகைய நோயாளிகளில் பலருக்கு அந்த மாத்திரைகளே உடல் இறுக்கத்தையும் காய்ச்சலையும் கூட்டிவிடும்.

மனநல மருத்துவமும் நரம்பியலும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இந்த இடம்தான் நியூரோசைக்கியாட்ரி. மூளையில் அடையாளம் காணக்கூடிய பாதிப்பால் மனமும் நடத்தையும் மாறுவதையும், நரம்புக் கோளாறு போலத் தோன்றினாலும் மூளைத் திசுவில் சேதம் இல்லாத நிலைகளையும் ஒரே மருத்துவர் ஆராய்வதே இதன் வேலை. வலிப்பு நோயாளியின் மனச்சோர்வு, பார்கின்சன் நோயில் தெரியும் பொய்த் தோற்றங்கள், தலைக்காயத்துக்குப் பின் வரும் கோபம், பக்கவாதத்துக்குப் பிந்தைய அழுகை, டிமென்ஷியாவில் நடத்தை மாற்றம், டூரெட் (கட்டுப்படுத்த முடியாத திடீர் அசைவுகளும் ஒலிகளும்), கேட்டடோனியா (அசையாமல் பேசாமல் உறைந்துபோகும் நிலை), செயல்சார் நரம்புக் கோளாறு (மூளைத் திசுவில் சேதமின்றி வரும் வலுவிழப்பு போன்றவை) எல்லாம் இங்கே வரும்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்த வேண்டும். இந்தியாவில் பல ஊர்களில் பொது மனநல மருத்துவர்களும் பெயர்ப்பலகையில் ‘நியூரோசைக்கியாட்ரிஸ்ட்’ என்று எழுதுகிறார்கள். மனநலம் என்ற சொல்லைக் கண்டு மக்கள் தயங்குவதே இதற்கு முக்கியக் காரணம். அவர்கள் நல்ல மருத்துவர்களாகவே இருக்கலாம். ஆனால் இந்தக் கட்டுரையில் அந்தச் சொல், நரம்பியலில் தனியாகப் பயிற்சி பெற்ற மனநல மருத்துவரையோ, மனநலத்தில் தனியாகப் பயிற்சி பெற்ற நரம்பியல் மருத்துவரையோ மட்டுமே குறிக்கும்.

ஒரே துறை இரண்டானது எப்படி?

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் இது ஒரே துறைதான். மனநோய்கள் மூளையின் நோய்களே என்று வில்ஹெல்ம் கிரீசிங்கர் வாதிட்டார். 1906-இல் டூபிங்கனில், பின்னர் தன் பெயரால் அழைக்கப்பட்ட நோயை முதன்முதலில் விவரித்த அலாய்ஸ் அல்சைமர் ஒரு மனநல மருத்துவர். நோயாளியின் பேச்சைக் குறித்துவைத்தவரும் அவரே, அந்த மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவரும் அவரே.

பிரிவினை வந்த விதத்தைப் புரிந்துகொள்ள, பால்வினை நோயான சிஃபிலிஸ் முற்றி மூளையைத் தாக்கும் நிலை நல்ல உதாரணம். அந்தக் காலத்து மனநல விடுதிகளின் படுக்கைகளில் கணிசமானவை இந்த நோயாளிகளால் நிரம்பியிருந்தன. 1913-இல் நொகுச்சியும் மூரும் இறந்த நோயாளிகளின் மூளையிலேயே அந்தக் கிருமியைக் காட்டினார்கள். மலேரியாக் காய்ச்சலை வரவைத்து இதற்குச் சிகிச்சையளித்த வாக்னர்-யவுரெக் 1927-இல் நோபல் பரிசு பெற்றார். பிறகு பெனிசிலின் வந்தது, விடுதிகளிலிருந்து இந்த நோயே மறைந்தது. காரணம் தெரிந்த நோய் மனநலத் துறையை விட்டு வெளியேறும், காரணம் தெரியாதது அங்கேயே தங்கும் என்ற வழக்கம் இப்படித்தான் உறுதிப்பட்டது. பிரான்சில் 1968-இல் இரு துறைகளும் முறைப்படி பிரிந்தன.

பிரிந்ததை மறுபடி இணைக்கும் முயற்சிகளும் நடந்தன. 1965-இல் நார்மன் கெஷ்விண்ட், மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு அறுந்தால் என்னென்ன நடத்தைக் கோளாறுகள் வரும் என்று விளக்கினார். லண்டனில் ஆல்வின் லிஷ்மன் 1978-இல் வெளியிட்ட பாடநூல் ஒரு தலைமுறையையே பயிற்றுவித்தது. பிரிட்டிஷ் சங்கம் 1987-லும் அமெரிக்கச் சங்கம் 1988-லும் உருவாயின. பல நாட்டு நிபுணர்களை இணைக்கும் சர்வதேச நியூரோசைக்கியாட்ரி சங்கம் அதற்குப் பின் வந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், தன் தாயைப் பார்த்து ‘இவர் என் தாய் அல்ல, தாயைப் போலவே இருக்கும் வேறொருவர்’ என்று சொல்லும் காப்கிரா நிலைக்கு, முகத்தை அறியும் பகுதிக்கும் உணர்ச்சிப் பகுதிக்கும் இடையிலான தொடர்பு அறுந்ததே காரணம் என்று விளக்கியது கெஷ்விண்டின் சிந்தனையோடு நேராக ஒட்டிப்போகிறது.

பயிற்சிக்கு ஒரே வாசல் இல்லை

இதய மருத்துவராக வேண்டும் என்றால் எந்த நாட்டிலும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே அப்படியில்லை.

பாதை மிகத் தெளிவாக இருப்பது அமெரிக்காவில். அங்கே மனநலத்துக்கும் நரம்பியலுக்கும் 1934 முதல் ஒரே தேர்வு வாரியம். இரண்டில் எதை எடுத்தாலும் ரெசிடென்சி (மருத்துவமனையில் பணியாற்றியபடி பெறும் சிறப்புப் பயிற்சி) நான்கு ஆண்டுகள். இரண்டையும் சேர்த்து ஆறு ஆண்டுகளில் முடிக்கும் இடங்களும் உண்டு, எண்ணிக்கையில் குறைவு. அதன்பின் ‘நடத்தை நரம்பியலும் நியூரோசைக்கியாட்ரியும்’ என்ற ஃபெல்லோஷிப், குறைந்தது ஓராண்டு. இந்த உட்பிரிவு 2004-இல் அங்கீகரிக்கப்பட்டு, 2006-இல் முதல் சான்றிதழ்த் தேர்வு நடந்தது. நரம்பியல், மனநலம் என எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒரே தேர்வு என்பது இதன் சிறப்பு. வெளிநாட்டு மருத்துவர்கள் இங்கே அடிக்கடி தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். அங்கே ரெசிடென்சி முடிக்காமல் ஃபெல்லோஷிப் மட்டும் செய்தால் அனுபவம் கிடைக்கும், சான்றிதழ் கிடைப்பது கடினம். ஊர் திரும்பும் திட்டம் இருந்தால் அந்த அனுபவமே போதும். அங்கேயே தங்க நினைப்பவர் ரெசிடென்சியிலிருந்து தொடங்குவதே சரி.

பிரிட்டனில் மூன்று ஆண்டு அடிப்படை மனநலப் பயிற்சி, ராயல் சைக்கியாட்ரி கல்லூரியின் எம்ஆர்சி சைக் தேர்வுகள், பிறகு மூன்று ஆண்டு உயர்பயிற்சி. அந்த உயர்பயிற்சிக் காலத்தில் நரம்பியல் மருத்துவமனை இருக்கும் லண்டன் குயீன் ஸ்கொயர் போன்ற இடங்களில் நியூரோசைக்கியாட்ரிப் பணியிடத்தைப் பிடிப்பதுதான் வழக்கம். அந்தக் கல்லூரியில் நியூரோசைக்கியாட்ரிக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் மனநலப் பயிற்சியே குறைந்தது அறுபது மாதம். மெல்போர்னிலும் சிட்னியிலும் தனி நியூரோசைக்கியாட்ரி அலகுகள் உண்டு. ஜெர்மனியில் பழைய உறவின் சுவடு இன்னும் இருக்கிறது: அறுபது மாத மனநலப் பயிற்சியில் பன்னிரண்டு மாதம் நரம்பியல், நரம்பியல் பயிற்சியில் பன்னிரண்டு மாதம் மனநலம். நம் பார்வையில் மற்ற நாடுகள் பின்பற்றத் தக்கது இதுதான். ஓராண்டு முழுதும் பக்கத்து வார்டில் இரவுப் பணி பார்த்தவர் அந்தத் துறையை எளிதில் ஒதுக்கிப் பேசமாட்டார்.

இந்தியாவில் எம்பிபிஎஸ்ஸுக்குப் பின் மூன்றாண்டு எம்டி மனநலம். எம்டிக்குப் பிந்தைய உயர்படிப்பான டிஎம் நரம்பியலுக்குப் பொது மருத்துவமோ குழந்தை மருத்துவமோ படித்தவர்தான் வழக்கமாகப் போக முடியும். மனநலம் படித்தவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. ஆகவே பெங்களூரு நிம்ஹான்ஸ் போல இரு துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கும் நிறுவனத்தில் எம்டியோ சீனியர் ரெசிடென்சியோ செய்வது இங்குள்ள நடைமுறை வழி. நிம்ஹான்ஸ் 1974-இல் பழைய மனநல மருத்துவமனையையும் ஆய்வுப் பயிற்சி நிறுவனத்தையும் இணைத்து உருவானது. நரம்பியல், நரம்பு அறுவை, மனநலம், உளவியல் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. இந்தத் துறையில் கற்றல் பெரும்பாலும் ஒருவர் நோயாளியை இன்னொருவர் போய்ப் பார்ப்பதால்தான் நடக்கிறது என்பதால், அந்த நடை தூரம் பாடத்திட்டத்தைவிட முக்கியம்.

கையில் இருக்க வேண்டிய திறன்கள்

சான்றிதழ் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் வேலைக்கு வேண்டியவை ஒன்றே.

முதலாவது, படுக்கையருகே அறிவாற்றல் சோதனை. மோக்கா சோதனைக்கு முப்பது மதிப்பெண், சுமார் பத்து நிமிடம். இருபத்தாறுக்குக் கீழே போனால் சந்தேகிக்கலாம் என்பது மூல அளவுகோல். அதை எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டிக்கு அப்படியே பயன்படுத்தினால் நலமாக இருப்பவரும் நோயாளியாகத் தெரிவார். கடிகாரம் வரைவதும் கன சதுரத்தைப் பார்த்து வரைவதும் பள்ளியில் பழகிய கைக்கானவை. மறுபக்கம், முன்மூளை டிமென்ஷியா தொடங்கிய ஐம்பத்தைந்து வயது வங்கி மேலாளர் இத்தகைய பொதுச் சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார். அவருக்கு முன்மூளையின் செயல்பாட்டை அளக்கும், ஆறு பகுதிகளும் பதினெட்டு மதிப்பெண்ணும் கொண்ட ஃபேப் சோதனையையும் செய்ய வேண்டும். அதையும்விட மனைவியிடம் தனியாகப் பேச வேண்டும். ‘இரண்டு வருடமாக இனிப்பைக் கண்டால் நிறுத்துவதில்லை, என் அப்பா இறந்தபோது டிவி பார்த்துக்கொண்டிருந்தார்’ என்று அவர் சொல்வதில்தான் நோய் தெரியும்.

இரண்டாவது, நேர வரிசையைத் துல்லியமாகக் கேட்பது. வலிப்பு நோயாளிக்கு மனக்குழப்பம் வந்தால், கடைசி வலிப்பு எப்போது, அதன்பின் எத்தனை நாள் நன்றாக இருந்தார் என்று கேட்க வேண்டும். அடுத்தடுத்துப் பல வலிப்புகள் வந்து, ஓரிரு நாள் தெளிவாக இருந்து, பிறகு திடீரெனக் குழப்பம் வந்தால் அது வலிப்புக்குப் பிந்தைய மனச்சிதறல் (சைக்கோசிஸ்). வலிப்பு முழுதாக நின்றபின் குழப்பம் தொடங்கினால் கதை வேறு. லாண்டோல்ட் 1950-களில் விவரித்த, ஈஈஜி (மூளையின் மின்னலைப் பதிவு) சீராகும்போது மனம் குலையும் நிலையை நினைக்க வேண்டும். புதிதாகச் சேர்த்த வலிப்பு மாத்திரையையும் மறக்கக் கூடாது. லெவெடிராசிடம் சிலருக்குக் கடும் எரிச்சலையும் கோபத்தையும் கொண்டுவரும்.

மூன்றாவது, மருந்தின் இரு பக்கமும் தெரிந்திருப்பது. லூயி பாடி டிமென்ஷியா உள்ளவர் சுவரில் குழந்தைகள் நிற்பதாகச் சொல்கிறார் என்று ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்தால் உடல் மரக்கட்டையாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அசையாமல் பேசாமல் கிடக்கும் நோயாளிக்கு கேட்டடோனியா இருக்கிறதா என்று புஷ்–ஃபிரான்சிஸ் அளவுகோலின் முதல் பதினான்கு குறிகளை வைத்துத் தேடி, லோரசெபம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தால், பல நாள் பேசாதவர் அதே நாளில் பேசக்கூடும்.

நான்காவது, செயல்சார் நரம்புக் கோளாற்றை விளக்கும் விதம். கால் வலுவிழந்த நோயாளி மற்றொரு காலைத் தூக்கும்போது, வலுவிழந்த காலின் இடுப்பு அழுத்தம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது ஹூவர் குறி, 1908-இல் விவரிக்கப்பட்டது. பழைய வழக்கத்தில் மருத்துவர் இதை மறைத்துப் பார்த்துவிட்டு ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவார். நோயாளி அதை ‘நீ நடிக்கிறாய்’ என்றே கேட்பார், அடுத்த மருத்துவமனையைத் தேடிப் போவார். இன்றைய முறையில் அந்தக் குறியை நோயாளிக்கே காட்டுகிறோம்: ‘பாருங்கள், கால் வேலை செய்கிறது, மூளையிலிருந்து கட்டளை போகும் வழியில்தான் சிக்கல், பயிற்சியால் சரிப்படுத்தலாம்.’ ஒரே பரிசோதனை, ஆனால் விளைவு நேரெதிர்.

தலைமை ஏன் இங்கே விருப்பப் பாடம் அல்ல

பெரும்பாலான மருத்துவமனைகளில் நியூரோசைக்கியாட்ரி என்று ஒரு துறையே கிடையாது. படுக்கை நரம்பியலுடையது, உளவியலாளர் மனநலத் துறையுடையவர், ஈஈஜி டெக்னீஷியன் வேறொருவர் பொறுப்பில். புதிதாகச் சேரும் நிபுணர் இவற்றைக் கேட்டு வாங்கி இணைக்காவிட்டால் அவர் படித்ததைச் செய்யவே இடமிருக்காது. ஆகவே மற்ற துறைகளில் இருபதாண்டு கழித்து வரும் நிர்வாகப் பொறுப்பு இங்கே முதல் ஆண்டிலேயே வந்துவிடுகிறது.

தொடங்க எளிய வழி ஒரு கூட்டுக் கிளினிக். வாரத்தில் ஓர் அரைநாள், ஒரே அறையில் ஒரு நரம்பியல் மருத்துவரும் ஒரு மனநல மருத்துவரும். புதிய நோயாளிக்கு அறுபது முதல் தொண்ணூறு நிமிடம். அப்படியானால் மூன்று புதியவர்களுக்கு மேல் வைக்க முடியாது. நிர்வாகம் இந்த எண்ணிக்கையைப் பார்த்து முகம் சுளிக்கும். அதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்: இவர்கள் இதற்கு முன் எத்தனை எம்ஆர்ஐ எடுத்தார்கள், எத்தனை முறை அவசரப் பிரிவுக்கு வந்தார்கள், எத்தனை நாள் படுக்கையில் இருந்தார்கள் என்று கிளினிக் தொடங்குவதற்கு முந்தைய ஓராண்டுக் கணக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கிய பின் தேடினால் ஒப்பிட அடிப்படை இருக்காது.

இத்தகைய கிளினிக்குகள் கெட்டுப்போகும் விதங்கள் தெரிந்தவையே. யாரை அனுப்பலாம் என்று எழுதி வைக்காவிட்டால், இரு துறைகளும் தங்களால் முடியாத எல்லாரையும் இங்கே தள்ளிவிடும். ஆறு மாதத்தில் காத்திருப்போர் பட்டியல் நீண்டு, உடனே பார்க்க வேண்டியவர் அதில் புதைந்துபோவார். யார் மருந்து எழுதுவது, யார் தொடர்ந்து பார்ப்பது என்று முடிவாகாவிட்டால் நோயாளிக்கு இரண்டு சீட்டு, இரண்டிலும் வேறு மருந்து. எல்லாவற்றையும்விட, ஒரே ஆளின் ஆர்வத்தில் ஓடும் கிளினிக் அவர் வேலை மாறியதும் மூடிவிடும். இரண்டாவது ஆண்டுக்குள் ஒரு ஜூனியரையும் ஒரு உளவியலாளரையும் நிரந்தரமாகப் பெறாத அலகுக்கு ஆயுள் குறைவு.

சிலரின் பாதைகள்

பெர்மிந்தர் சச்தேவ் இந்தியாவில் மருத்துவம் படித்து ஆஸ்திரேலியா போனவர். சிட்னியில் நியூரோசைக்கியாட்ரி அலகை நடத்தியபடியே முதுமையில் மூளை நலம் பற்றிய ஆய்வுக்கு வந்தார். ஹென்றி பிராடட்டியோடு சேர்ந்து 2012-இல் அதற்கான மையத்தை அமைத்தார். பல நாடுகளில் தனித்தனியாக நடந்த முதியோர் நினைவாற்றல் ஆய்வுகளின் தரவை ஒன்றிணைக்கும் காஸ்மிக் கூட்டமைப்பு அவர் தலைமையில் வளர்ந்தது. திலீப் ஜெஸ்தேயின் பாதை வேறு. புனேயில் மருத்துவம், மும்பையில் மனநலம், அமெரிக்காவில் மறுபடி மனநலம், அதன்பின் நரம்பியல் என நான்கு கட்டம். 2012–13-இல் அமெரிக்க சைக்கியாட்ரி சங்கத்தின் தலைவரானார். தகுதிகளை மீண்டும் அடியிலிருந்து கட்டுவதால் போகும் ஆண்டுகள் வீணல்ல என்பதற்கு இவர் சான்று, ஆனால் அந்த ஆண்டுகளுக்குக் குடும்பமும் பொருளாதாரமும் தாங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். அர்ஜென்டினாவின் ஃபகுண்டோ மானெஸ், கேம்பிரிட்ஜில் பயின்று நாடு திரும்பி 2005-இல் இனெகோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் அரசியலுக்கு வந்து 2021-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

கூட்டு வேலையின் உச்சமும் சறுக்கலும் ஹெலன் மேபெர்க்கின் ஆய்வில் சேர்ந்தே தெரிகின்றன. நரம்பியல் மருத்துவரான அவர், டொரன்டோவில் அறுவை மருத்துவர் லொசானோ, மனநல மருத்துவர் கென்னடி ஆகியோரோடு, எந்தச் சிகிச்சைக்கும் அசையாத மனச்சோர்வு உள்ள ஆறு பேரின் மூளையில் மின்முனை பொருத்தினார். ஆறு மாத முடிவில் நான்கு பேருக்கு நல்ல முன்னேற்றம் என்று 2005-இல் அறிவித்தார்கள். அதே முறையைத் தொண்ணூறு பேரிடம் சோதித்த பெரிய ஆய்வு, ஆறு மாத அளவீட்டில் பொய்ச் சிகிச்சையைவிட மேலானது என்று காட்ட முடியாமல் நின்றது. மேபெர்க் அத்தோடு விடவில்லை. எந்த நரம்பு இழையைத் தொட வேண்டும், பலனை எத்தனை மாதம் கழித்து அளக்க வேண்டும் என்ற கேள்விகளோடு நியூயார்க்கில் ஒரு மையத்தை நடத்துகிறார். ஆறு பேரின் வெற்றியைத் தொண்ணூறு பேருக்கு எடுத்துச் செல்லும்போது என்ன தவறும் என்று இளம் ஆய்வாளர்கள் இதில் கற்கலாம்.

சர்வதேசப் பணியில் முதலில் செய்ய வேண்டியவை

முதல் வெளிநாட்டுக் கூட்டு ஆய்வில் சேரும்போது மூன்றை எழுத்தில் வாங்குங்கள். தரவு எந்த நாட்டில் இருக்கும், அதை எடுக்க யாருடைய அனுமதி வேண்டும் என்பது ஒன்று. கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் முதல் இடமும் கடைசி இடமும் யாருக்கு என்று எப்படி முடிவாகும் என்பது இன்னொன்று. உள்ளூரில் சோதனை நடத்தும் உளவியலாளருக்குப் பயிற்சியும் சம்பளமும் யார் தருவது என்பது மூன்றாவது. கடைசியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நோயாளிகளை மட்டும் அனுப்பும் மையமாக நின்றுபோன நிறுவனங்கள் பலவும் இந்த மூன்றாவது வரியைத் தவறவிட்டவை.

சோதனைத் தாள்களை மொழிபெயர்ப்பது தனி வேலை. தமிழில் ‘அ’ எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் சொல்லச் சொல்வதும் ஆங்கிலத்தில் ‘எஃப்’ எழுத்துக்குச் சொல்லச் சொல்வதும் ஒரே கடினம் அல்ல. உள்ளூரில் நலமான முதியவர்களிடம் வயது, படிப்பு வாரியாக முதலில் நடத்தி, அவர்களின் இயல்பு மதிப்பெண்ணைக் கண்டபிறகே நோயாளிகளிடம் போக வேண்டும். இந்த அலுப்பான வேலையைச் செய்து முடித்த குழுவைத்தான் அடுத்த பத்தாண்டுக்கு வெளிநாட்டு ஆய்வாளர்கள் தேடி வருவார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் பக்கமும் ஒரு வழி இருக்கிறது. 2008-இல் தொடங்கிய எம்எச்கேப் திட்டம், சிறப்பு மருத்துவர் இல்லாத ஊர்களின் பொது மருத்துவருக்கும் செவிலியருக்கும் மனச்சோர்வையும் மனச்சிதைவையும் வலிப்பையும் டிமென்ஷியாவையும் ஒரே கையேட்டில் கற்றுத்தருகிறது. வலிப்பு உள்ளவர்கள் உலகில் சுமார் ஐந்து கோடிப் பேர், அவர்களில் பெரும்பாலோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள். இந்த நோயாளிகளை அனுப்ப நரம்பியல் வார்டு, மனநல வார்டு என்று இரண்டு கதவுகள் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லை. அங்கே பயிற்சி கொடுக்கத் தகுதியானவர் இரண்டையும் படித்தவர்தான். ஆனால் மாநாட்டு மேடைகளில் பேசப் பழகிய பலர் இந்தப் பயிற்சிக்கு வருவதில்லை. இந்தத் துறையில் நுழைகிற ஓர் இளம் மருத்துவர், ஃபெல்லோஷிப் விண்ணப்பத்தை எழுதும் அதே ஆண்டில் தன் மாவட்டத்தில் நடக்கும் ஒரு எம்எச்கேப் பயிற்சியில் பயிற்றுநராகச் சேர்வது நல்லது. வலிப்பு மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதை ஒரு கிராம செவிலியருக்குப் புரியும்படி சொல்லக் கற்றவர், அதையே நோயாளியின் வீட்டாருக்கும் தெளிவாகச் சொல்வார்.